பிரஷர் சரியாக இருக்கிறதே, பிறகென்ன? ஷொக் பற்றி ஓர் எளிய விளக்கம்

‘ஷொக்’ என்ற சொல்லை நம் ஊரில் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பழுதான கேத்திலைத் தொட்டவருக்கு ஷொக் அடிக்கிறது. மகன் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கோட்டை விட்டான் என்று கேட்ட அம்மாவுக்கு ஷொக். மாரடைப்பு வந்து விழுந்த பெரியவரும் ‘ஷொக்கில் போய்விட்டார்’. பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊரையே அதிர்ச்சியில் உறைய வைத்துவிடுகிறார்கள்.

பேச்சு வழக்கில் இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தாதியப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் இதே மூட்டையோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். “ஷொக் என்றால் என்ன?” என்று கேட்டால், கொஞ்சம் படித்தவர்கள் “பிரஷர் குறைவது” என்பார்கள். பயம், மின்சாரம் என்ற விடைகளை விட இது மேலானது போலத் தெரியும். என்னைக் கேட்டால் இதுதான் அதிக ஆபத்தான விடை. பிரஷர் குறையும்வரை காத்திருக்கச் சொல்லும் விடை அது. பிரஷர் குறைந்த பிறகு நம் கையில் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு விடையைத் திருத்துவதற்காகத்தான்.

வைத்தியசாலை விடுதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்

உடலில் உள்ள ஒவ்வொரு கலத்துக்கும் ஒட்சிசன் வேண்டும். அதை இரத்தம் சுமந்து போகிறது. ஏதோ ஒரு காரணத்தால் உடலின் பல பாகங்களுக்கும் போதிய இரத்தம் போய்ச்சேராமல், கலங்கள் ஒட்சிசன் இல்லாமல் தவிக்கத் தொடங்கும் நிலையே ஷொக். அவ்வளவுதான். இதில் பயம் இல்லை, மின்சாரம் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. பிரஷர் என்ற சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரஷர், அதாவது குருதியமுக்கம் என்பது இரத்தம் குழாய்ச் சுவரை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்பதைக் காட்டும் அளவு. கலத்துக்கு ஒட்சிசன் போனதா என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்று என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஏன் ஒன்றில்லை என்பதைப் புரிந்துகொள்ள வைத்தியசாலையை விட்டு வெளியே வந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் போவோம்.

பங்களாவுக்குப் போகும் தண்ணீர்

மேட்டில் ஒரு தண்ணீர்த் தாங்கி. கீழே ஓடையிலிருந்து ஒரு மோட்டார் அதற்குத் தண்ணீரை ஏற்றுகிறது. தாங்கியிலிருந்து ஒரு குழாய் துரை பங்களாவுக்கு. மற்றவை ஸ்டோருக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் போகின்றன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு. நல்ல மழைக்காலத்தில் யாருக்கும் குறை இல்லை.

மாசி, பங்குனி வரட்சியில் ஓடை வற்றுகிறது. மோட்டாரை அதிக நேரம் ஓட்டுகிறார்கள். அதுவும் போதாதபோது, வால்வைப் பார்த்துக்கொள்ளும் ஆள் முதலில் கடைசி லயத்தின் வால்வை மூடுவார். பிறகு நடு லயம். பிறகு ஸ்டோர் பக்கம். பங்களாவின் வால்வை மட்டும் தொடமாட்டார். தொட்டால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது துரை தன் முற்றத்துக் குழாயைத் திறக்கிறார். தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. “தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை” என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறார். அவர் எழுதியது பொய்யில்லை. அவருடைய குழாயில் அமுக்கம் சரியாகத்தான் இருக்கிறது. அதே நேரத்தில் பீலிக்கரையில் குடங்கள் வரிசையில் காய்ந்துகொண்டிருக்கின்றன.

நம் உடலும் ஏறக்குறைய இந்தத் தோட்ட நிர்வாகத்தைப் போல நடந்துகொள்கிறது. இதயம் மோட்டார். இரத்தம் தண்ணீர். நாடிகள் குழாய்கள். மூளையும் இதயமும் பங்களா. தோல், குடல், சிறுநீரகம் எல்லாம் லயங்கள். கையில் பட்டியைக் கட்டி நாம் பிரஷர் பார்க்கும்போது, பெரிய குழாய் ஒன்றின் விசையைத்தான் பார்க்கிறோம். எந்த லயத்தில் தண்ணீர் நின்றுவிட்டது என்பதை அந்த எண் சொல்லாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஷொக் என்றால் கலங்களுக்கு ஒட்சிசன் போதாத நிலை. பங்களாவில் அமுக்கம் சரியாக இருக்கும்போதே லயங்கள் காய்ந்துபோயிருக்கலாம்.

உடலுக்குள் வால்வைத் திருகுவது யார்

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ஏறும் பெரிய நாடிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும், அமுக்கத்தை ஒவ்வொரு துடிப்பிலும் அளந்துகொண்டிருக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இவை அமுக்க உணரிகள். அமுக்கம் சற்றுச் சரிந்தாலும் இவை மூளையின் அடித்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. சில விநாடிகளில் நரம்புகள் வழியாகக் கட்டளை போகிறது. கூடவே சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன.

இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் சிறிய நாடிகள் சுருங்குகின்றன, அதாவது வால்வு மூடுகிறது. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களும் இறுகி, அங்கே தேங்கியிருக்கும் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. இப்படி இழப்பை மறைத்துப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்கு ஈடுசெய்தல் என்று பெயர்.

கட்டிலருகே நாம் காணும் அடையாளங்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் வெளிப்பாடுகள்தான். பாடப் புத்தகத்தில் பட்டியலாக மனப்பாடம் செய்ததை இப்போது ஒரு காரணத்தோடு கட்டிப் பாருங்கள். நாடித்துடிப்பு ஓடுகிறது, ஏனென்றால் மோட்டார் முடுக்கப்பட்டிருக்கிறது. கையும் காலும் வெளிறிக் குளிர்கின்றன, ஏனென்றால் தோலின் வால்வு மூடப்பட்டிருக்கிறது. அதே நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளையும் தூண்டுவதால் குளிர்ந்த தோலில் வியர்வை பூக்கிறது. வெயிலில் வருவது சூடான வியர்வை, இது பிசுபிசுவென்று குளிர்ந்த வியர்வை. தொட்டுப் பழகியவர் மறக்கமாட்டார். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவதால் சிறுநீர்ப் பையில் நீர் ஏறுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மில்லிலீற்றராவது சிறுநீர் வரவேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது மணிக்கு 25 மில்லிலீற்றர், அதாவது ஐந்து தேக்கரண்டி. அதுவும் இல்லை என்றால் அந்த லயத்துக்குத் தண்ணீர் நின்றுவிட்டது.

மூச்சு வேகமாவதன் காரணம் கொஞ்சம் சுற்றிவளைத்தது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒட்சிசன் கிடைக்காத கலம் சும்மா இருப்பதில்லை. அவசர வழியில் சர்க்கரையை எரித்துக் காலம் தள்ளுகிறது. அதன் கழிவு லக்டிக் அமிலம். இரத்தத்தில் அமிலம் ஏறியதும், காபனீரொட்சைட்டை வேகமாக வெளியேற்றினால் அமிலம் தணியும் என்று மூளை மூச்சை முடுக்குகிறது. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாதவருக்கும் மூச்சு வேகமாக இருக்கலாம் என்பது இதனால்தான்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் அதிகம் ஏமாற்றி எழுதப்படும் எண் மூச்சு எண்ணிக்கைதான். அட்டவணையைப் பார்த்தால் இருபது கட்டிலுக்கும் 18 அல்லது 20. இருபது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடும் அதிசயம் வேறெங்கும் நடக்காது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று நோயாளருக்குத் தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை வழமை. 25ஐத் தாண்டினால் நீங்கள் அந்தக் கட்டிலை விட்டு நகரக்கூடாது.

நான் பார்க்கத் தவறிய கட்டில்

மாணவியாக இருந்த காலம். மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் பிரசவ விடுதியில் இரவுப் பணி. பின்னிரவு மூன்று மணியளவில் குழந்தை பெற்ற ஒரு தாய், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நான்கு மணிக்கு நான் பிரஷர் பார்த்தேன், 110/84. திருப்தியோடு எழுதினேன். நாடி 118 என்று நானேதான் எழுதினேன். பிரசவித்த களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் இரண்டு முறை “மிஸ், கொஞ்சம் தண்ணீர் வேண்டும்” என்று கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது போர்வையை விலக்கப் பார்த்தார். அந்தக் குளிரில் போர்வையை விலக்குகிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வழியாகப் போன மூத்த தாதி ஒருவர் நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நோயாளரின் முழங்கையைத் தொட்டார். பிறகு போர்வையை முழுதாக எடுத்து, அவரை ஒரு பக்கமாகத் திருப்பினார். முன்பக்கத் துணி கொஞ்சம்தான் நனைந்திருந்தது. முதுகுக்குக் கீழே, ரப்பர் விரிப்பின் பள்ளத்தில், இரத்தம் தேங்கிக் கிடந்தது. மூத்த தாதியின் ஒரு கை அதற்குள் தாயின் வயிற்றின் மேல் போய் கருப்பையை அழுத்தித் தேய்க்கத் தொடங்கிவிட்டது. “டொக்டரைக் கூப்பிடு, ஓடு” என்றார்.

அந்தத் தாய் பிழைத்தார். நான் எழுதிய பிரஷர் தவறில்லை. நான் துரையின் முற்றத்துக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

இதன் கணக்கு இப்படி. பெரியவர் ஒருவரின் உடலில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கிறது. 50 கிலோ என்றால் மூன்றரை லீற்றர். அதில் 15 சதவீதம் வரை, அதாவது அரை லீற்றர் போனாலும் அநேகமாக ஒன்றும் தெரியாது. 15 முதல் 30 சதவீதம் வரை போகும்போது நாடியும் மூச்சும் ஏறும், கை குளிரும், மனம் பதறும். ஆனால் பிரஷரின் மேல் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். 30 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் அது சரிகிறது. ஒரு லீற்றர் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அது முழுதாகக் கொட்டிய பிறகே பிரஷர் மெஷின் வாய் திறக்கும். கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடுவதால், பிரசவித்த தாயின் உடல் இன்னும் அதிகமாக மறைத்து வைக்கும்.

மேல் எண் நிற்கிறது என்றாலும் கீழ் எண்ணைப் பார்த்திருக்கலாம். குழாய்கள் இறுகும்போது கீழ் எண் ஏறும். ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இந்த இடைவெளிக்குப் பல்ஸ் பிரஷர் என்று பெயர். 120/80 என்றால் 40. 110/90 என்றால் 20. இரண்டாவதும் பார்வைக்கு நல்ல பிரஷர் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 20, உடல் முழு பலத்தோடு கதவைச் சாத்திப் பிடித்திருக்கிறது என்பதற்கான அடையாளம். இன்னொரு சுலபமான பார்வையும் உண்டு. நல்ல உடலில் நாடி எண் பிரஷரின் மேல் எண்ணைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். இரண்டும் நெருங்கி வந்தால் எச்சரிக்கை. நாடி மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் ஓடவேண்டிய நேரம்.

சுருக்கமாக: நாடி, மூச்சு, தோல், சிறுநீர், மனநிலை ஆகியவை முதலில் பேசும். பிரஷரின் மேல் எண் கடைசியில் பேசும்.

குளிர் ஊரில் கையைத் தொட்டுப் பார்ப்பது

பாடப் புத்தகம் ‘கை குளிர்ந்திருந்தால் கவனி’ என்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து விடியற்காலையில் அங்கே தாதியின் கையும் குளிர்ந்திருக்கும், டொக்டரின் கையும் குளிர்ந்திருக்கும். கட்டிலில் இருப்பவரின் கை குளிர்கிறது என்பதை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வருவது?

குளிர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். வானிலையால் வரும் குளிர் பெரும்பாலும் விரல்களோடு நின்றுவிடும். போர்வைக்குள் வைத்திருந்தால் சற்று நேரத்தில் சூடாகிவிடும். ஷொக்கின் குளிர் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, அங்கிருந்து முன்கைக்கு ஏறும். போர்வைக்குள்ளும் மாறாது. அன்று அந்த மூத்த தாதி விரலைத் தொடாமல் முழங்கையைத் தொட்டதன் காரணம் எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகே புரிந்தது.

விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விட்டால், வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். நம் விடுதிகளில் இதை சி.ஆர்.எஃப்.டி. என்று சொல்வார்கள். குளிரில் நகம் மெதுவாகத்தான் சிவக்கும். சந்தேகம் இருந்தால் நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். கொழுந்து பறிப்பவர்களின் பெருவிரலும் சுட்டுவிரலும் தேயிலைச் சாறு ஏறிக் கறுத்துப்போயிருக்கும். அந்த விரலில் நிறத்தையும் நம்பமுடியாது, ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமுடியாது. சுண்டு விரலுக்கு மாற்றிப் பாருங்கள்.

பட்டியைக் கம்பளிச் சட்டைக்கு மேலே கட்டுவது இன்னொரு மலைநாட்டு வழக்கம். குளிரில் சட்டையைக் கழற்றச் சொல்ல நமக்கே மனம் வராது. சட்டைக் கையை இறுக்கி மேலே சுருட்டிவிடுவதும் எண்ணைக் கெடுக்கும். ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துப் பட்டியைக் கட்டி, உடனே போர்த்திவிடுங்கள்.

நான்கு வழிகளில் தண்ணீர் நிற்கும்

மறுபடியும் தோட்டத்துக்குப் போவோம். லயத்துக்குத் தண்ணீர் வராமல் போக எத்தனை காரணம் இருக்க முடியும்? தண்ணீரே குறையலாம், மோட்டார் கெடலாம், குழாய் அடைக்கலாம், அல்லது எல்லா வால்வும் ஒரே நேரத்தில் திறந்துபோகலாம். ஷொக்கும் இந்த நான்கு வகைதான்.

மோட்டார் கெடுவது பெரும் மாரடைப்பில். குழாய் அடைபடுவது நுரையீரல் நாடியில் பெரிய இரத்தக்கட்டி சிக்கும்போது, அல்லது நெஞ்சுக்குள் காற்றோ இரத்தமோ நிரம்பி இதயத்தை நெருக்கும்போது. இவற்றை இந்தக் கட்டத்தில் பெயரளவில் தெரிந்து வைத்தால் போதும். மற்ற இரண்டும் நம் மண்ணில் தினமும் கதவைத் தட்டுபவை.

தண்ணீர் குறைவது என்றதும் வெளியே கொட்டும் இரத்தத்தை நினைப்போம். வாந்தியும் வயிற்றோட்டமும் அதே வேலையைச் செய்யும். டெங்கு செய்வது இன்னும் தந்திரமானது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்குக் காய்ச்சலோடு ஊர் வருவான். நான்காம், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். “காய்ச்சல் போய்விட்டதே மிஸ், வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக் கொடுங்கள்” என்று வீட்டார் நிற்பார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் அநேகமாகத் தொடங்குவதே அப்போதுதான். இரத்தத்தின் நீர்ப்பகுதி மெல்லிய குழாய்ச் சுவர்கள் வழியாகக் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். ஒரு சொட்டு இரத்தம்கூட வெளியே தெரியாது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். இரத்தம் கெட்டியாவதால், அதில் செங்கலங்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. எண் ஏறும், பல்ஸ் பிரஷர் சுருங்கும். அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோயாளர் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் ஷொக்தான். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவான அந்த வருடத்தில் விடுதிகளில் நின்றவர்கள், இந்த இடைவெளியைக் கணக்கிடாமல் ஒரு கட்டிலையும் தாண்டியிருக்கமாட்டார்கள். டெங்குவில் கண்டபடி சேலைன் ஏற்றுவதும் ஆபத்து, கசிந்த நீரெல்லாம் நுரையீரலை நெருக்கும். எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் என்பதை வைத்தியர் மணிக்கு மணி கணக்கிடுவார். உங்கள் எண்கள்தான் அந்தக் கணக்கின் முதல்.

எல்லா வால்வும் திறந்துபோவதற்கு நம்மிடம் உள்ள உதாரணம் குளவி. மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து பத்துப் பதினைந்து பேர் கொட்டு வாங்கி வருவது நமக்குப் புதிதில்லை. குளவிக் கொட்டு இரண்டு விதமாகக் கெடுக்கும். நூற்றுக்கணக்கான கொட்டு என்றால் விஷத்தின் அளவே உறுப்புகளைத் தாக்கும். ஆனால் முன்பு கொட்டு வாங்கி உடல் ஒவ்வாமைக்குத் தயாராகிவிட்ட ஒருவருக்கு ஒரே ஒரு கொட்டு போதும். உடல் முழுதும் இரத்தக்குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து கசியும். தொண்டை வீங்கும். மூச்சு இழுக்கும். இதற்கு அனபிலக்ஸிஸ் என்று பெயர். இரத்தம் ஒரு சொட்டும் போகவில்லை. ஆனால் எல்லாக் குழாயும் திறந்துவிட்ட தோட்டத்தில் பங்களாவுக்கும் தண்ணீர் ஏறாது.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் ஊசியாக. உடல் தன் அட்ரினலினால் செய்யப் பார்த்துத் தோற்ற வேலையை அது செய்கிறது. அரிப்புக்கான மாத்திரை வால்வை மூடாது. ஊசிக்கான முடிவு வைத்தியருடையது, அல்லது நிலையத்தின் எழுத்துமூல வழிகாட்டலுடையது. ஆனால் படுக்க வைப்பது யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாத வேலை. தோட்டங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கொட்டு வாங்கியவரைக் கைத்தாங்கலாக நடத்தி, ஓட்டோவில் நிமிர்த்தி உட்கார வைத்து, குலுங்கக் குலுங்கக் கொண்டுவருவார்கள். விரிந்த குழாய்களில் இரத்தம் கால்களுக்கு இறங்கிவிடும், திடீரென எழுந்து நின்ற நொடியில் உயிர் போனவர்கள் உண்டு. மூச்சு இழுத்தால் முதுகைச் சற்று உயர்த்தலாம். மற்றபடி படுத்தபடியே, கால் உயர்த்தியபடியே. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது இன்னும் பல லயங்களுக்குப் போய்ச்சேரவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் முதலில் எழுதி வையுங்கள்.

கிருமித் தொற்று இரத்தத்தில் பரவும்போதும் இதே போலக் குழாய்கள் விரியும். தொடக்கத்தில் கை சூடாக, முகம் சிவந்து இருக்கலாம். ‘குளிர்ந்த கை’ என்ற ஒரே அடையாளத்தைத் தேடுபவர் இங்கே ஏமாறுவார். மூச்சும் மனநிலையும் ஏமாற்றாது.

ஏமாற்றும் எண்களை உடையவர்கள்

புரோப்ரானொலோல், அட்டெனொலோல் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு எவ்வளவு இரத்தம் போனாலும் நாடி 80ஐத் தாண்டாமல் இருக்கலாம். மாத்திரை மோட்டாரின் வேகத்தைக் கட்டி வைத்திருக்கிறது. வழமையாக 170 இருக்கும் பாட்டிக்கு 120 என்பது நல்ல செய்தியே இல்லை. பழைய கிளினிக் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குழந்தைகள் கடைசி நொடிவரை பிரஷரைத் தாங்கிப் பிடித்துவிட்டு, ஒரேயடியாகச் சரிந்துபோவார்கள். இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு, நம் தோட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம், அரை லீற்றர் இழப்பும் பெரிய இழப்பு. தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதில் சத்து இல்லை.

இதனால்தான் ஒற்றை எண்ணை விட, அதே ஆளின் முந்தைய எண் முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு முன்பு 88 இருந்த நாடி இப்போது 108. தனியே பார்த்தால் 108 யாரையும் பயமுறுத்தாது.

சரி, மாணவி என்ன முடிவெடுக்கலாம்?

‘நான் மாணவி, நான் என்ன முடிவெடுப்பது’ என்று ஒதுங்குவது நம் பிள்ளைகளின் வழக்கம். மருந்தும் சேலைனும் உங்கள் முடிவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கட்டிலில் நிற்பதா, அடுத்த கட்டிலுக்குப் போவதா என்பது உங்கள் முடிவு. அடுத்து எப்போது பார்ப்பது என்பதும் உங்கள் முடிவு. அட்டவணையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இருந்தால், அது அதற்கு முன்னர் பார்க்கக்கூடாது என்ற உத்தரவு இல்லை. போர்வையை விலக்கிப் பார்ப்பதும் உங்கள் முடிவு.

சந்தேகம் வந்தால் ஆளை விட்டு விலகாதீர்கள், குரல் கொடுத்து ஒருவரை வரவழையுங்கள். தலையணையை எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறல் அதிகம் உள்ளவரை, முக்கியமாக இதயக் கோளாறு உள்ளவரை, பலவந்தமாகப் படுக்க வைக்கக்கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்து வையுங்கள், மல்லாந்தால் கருப்பை பெரிய நாளத்தை நசுக்கும். இரத்தம் வரும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்திப் பிடியுங்கள். போர்த்துங்கள், ஆனால் சுடுநீர்ப் போத்தல் வேண்டாம், அது தோலின் வால்வைத் திறந்துவிடும். தாகம் என்று கேட்டாலும் பிளேன்டீ கொடுக்க வேண்டாம். வீட்டார் கண்ணீரோடு கோப்பையை நீட்டுவார்கள். மயங்கினால் அது நுரையீரலுக்குப் போகும், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அதுவே தடையாகும். பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்துவிடுங்கள்.

பிறகு அழைப்பு. இதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். “டொக்டர், ஆறாம் கட்டில் கொஞ்சம் சரியில்லை” என்றால், பாதி ராத்திரியில் எந்த டொக்டரும் “பிரஷர் எவ்வளவு?” என்றுதான் கேட்பார். “110/84” என்பீர்கள். “காலையில் பார்ப்போம்” என்பார். தவறு அவர் மேல் மட்டும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“டொக்டர், பிரசவ விடுதியிலிருந்து பேசுகிறேன். ஆறாம் கட்டில் தாய்க்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று மணிக்குப் பிரசவம். அப்போது நாடி 90, இப்போது 118. மூச்சு 26. பிரஷர் 110/84, இடைவெளி 26தான். கை முழங்கை வரை குளிர்ந்திருக்கிறது. கருப்பை இறுகவில்லை, முதுகுக்குக் கீழே இரத்தம் தேங்கியிருக்கிறது. நீங்கள் இப்போதே வரவேண்டும்.”

முதலில் பயம் என்னவென்று, பிறகு பின்னணி, பிறகு எண்கள், கடைசியில் என்ன வேண்டும் என்று. அரை நிமிடம் போதும். நம் பக்கத்தில் இதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டிவரும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசுவதில் வெட்கம் வேண்டாம். நோயாளர் தமிழில் சொன்னதை முழுதாகக் கொண்டுபோங்கள். “தலை சுற்றுகிறது” என்பது வேறு, “எழுந்தால் கண் இருட்டுகிறது” என்பது வேறு. இரண்டாவது ‘மயக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிப்போனால் டொக்டருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

வரவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் எண்களைப் பாருங்கள், மீண்டும் அழையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பொறுப்புச் சிஸ்டரை எழுப்புங்கள். திட்டு விழலாம், விழட்டும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளர் பதிவேடான பி.எச்.டி.யில் (பெட் ஹெட் டிக்கெட்), யாரை அழைத்தீர்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்பதை உங்கள் கையால் அப்போதே எழுதிவிடுங்கள்.